பழைய காரும் நியாயமான விலையும்

கடைத்தெருவில் கத்தரிக்காய் வாங்கும் நம் அன்னையர் காம்பு பசுமையாக உள்ளதா, எங்கேனும் புழுத்துளை உண்டா எனப் புரட்டிப் பார்த்த பின்னரே தராசுத் தட்டில் இடுவர். நாற்பது ரூபாய்ப் பொருளுக்கு இத்தனை ஆராய்ச்சி! ஆனால் மூன்று, நான்கு இலட்சம் ரூபாய் கொடுத்துப் பழைய கார் ஒன்றை வாங்கும் குடும்பம், "வண்டி பளபளவென்று இருக்கிறது, விற்பவரும் நல்லவராகத் தெரிகிறார்" என்னும் இரண்டு காரணங்களோடு மனநிறைவு கொள்வதை எங்கும் காண்கிறோம். பல ஆண்டுச் சேமிப்போ, நகையை அடகு வைத்துப் பெற்ற கடனோ அந்த விலைக்குள் அடங்கியிருக்கிறது என்பதை எண்ணினால், இது சிறிய செய்தியன்று.

"கார் வாங்குவது ஆண்கள் காரியம், பள்ளி மாணவியருக்கு இப்பாடம் எதற்கு?" எனச் சிலர் வினவலாம். வீட்டின் வரவுசெலவைக் காக்கும் பொறுப்பு பெரும்பாலும் பெண்களின் தோளிலேயே இருக்கிறது. நாளை நீங்கள் பணிக்குச் செல்வீர்கள். சொந்தச் சம்பாத்தியத்தில் வண்டி வாங்குவீர்கள். வாங்க வருபவருக்கு ஒன்றும் தெரியாது என்று கண்டால் விலையை உயர்த்திச் சொல்லும் தரகர்களும் உலகில் உண்டு. மேலும் இதற்கு வேண்டிய அறிவில் பெரும்பகுதியை நீங்கள் வகுப்பறையிலேயே கற்றுவிட்டீர்கள். சிறிது பொருளியல், சிறிது கணிதம், சிறிது வேதியியல், கூர்ந்து நோக்கும் கண்கள் ஆகியவையே இதற்குத் தேவை.

விலை வேறு, மதிப்பு வேறு

விற்பவர் கேட்கும் தொகை விலை. அந்தப் பொருள் நமக்குத் தரக்கூடிய பயனின் அளவு மதிப்பு. இரண்டும் ஒன்றாகவே இருக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

பழையதாகும் பொருளின் விலை குறையும் என்பது பொதுவிதி. எனினும் இதற்கு விலக்கும் உண்டு. நம் நாட்டில் அம்பாசடர், பிரீமியர் பத்மினி போன்ற ஒரு சில கார்களே கிடைத்த காலத்தில், புதிய வண்டிக்குப் பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது. அதனால் உடனே கைக்குக் கிடைக்கும் பழைய வண்டி, புதியதன் விலையைக் காட்டிலும் கூடுதலாக விலைபோனதும் உண்டு. 1983 டிசம்பரில் மாருதி 800 வெளிவந்து, பின்னர் வேறு பல நிறுவனங்களும் வந்தபின் அந்நிலை மாறியது.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சியையும் அண்மையில் கண்டோம். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கான சரக்கு மற்றும் சேவை வரி 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. புதிய காரின் விலை இறங்கியதும், வீட்டு வாசலில் அசையாது நின்ற பழைய காரின் மதிப்பும் தானே இறங்கிற்று. ஆகவே, "நான் இதை ஏழு இலட்சத்துக்கு வாங்கினேன்" என்று விற்பவர் கூறுவது அவருடைய வரலாறேயன்றி நமக்கு அளவுகோல் ஆகாது. அதே வகைப் புதிய வண்டி இன்று என்ன விலை என்பதே நாம் கேட்கவேண்டிய முதற்கேள்வி.

காப்பீட்டுத் துறையில் வழங்கிவரும் தேய்மான அட்டவணை இதற்கு ஓரளவு கைகொடுக்கும். புதிய காரின் பட்டியல் விலையிலிருந்து ஆறு மாதத்திற்குள் 5 விழுக்காடும், ஓராண்டுக்குள் 15 விழுக்காடும், இரண்டாண்டுக்குள் 20, மூன்றாண்டுக்குள் 30, நான்காண்டுக்குள் 40, ஐந்தாண்டுக்குள் 50 விழுக்காடும் கழிப்பர். ஐந்தாண்டுக்கு மேல் நிறுவனமும் உரிமையாளரும் பேசி முடிவு செய்வர். இதுவே சந்தை விலை ஆகிவிடாது. மக்கள் விரும்பி வாங்கும் வண்டி இதனினும் கூடுதலாகப் போகும். ஆயினும் கணக்கைத் தொடங்க ஓர் இடம் வேண்டுமல்லவா? அதற்கு இது போதும்.

அறிந்தவரும் அறியாதவரும்

இனி இப்பாடத்தின் உயிர்நிலைக்கு வருவோம். ஜார்ஜ் அகர்லாஃப் என்னும் அமெரிக்கப் பொருளியல் அறிஞர் பழைய கார்ச் சந்தையைப் பற்றி ஓர் ஆய்வுக்கட்டுரை எழுதினார். மூன்று ஆய்விதழ்கள் அதைத் திருப்பி அனுப்பின. நான்காவது இதழ் 1970ஆம் ஆண்டில் வெளியிட்டது. 2001ஆம் ஆண்டில் மைக்கேல் ஸ்பென்ஸ், ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் ஆகியோருடன் அவருக்குப் பொருளியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. வெளியே அழகாயிருந்து உள்ளே குறையுள்ள காரை அமெரிக்கர் பேச்சு வழக்கில் "எலுமிச்சம்பழம்" என்பர். கட்டுரையின் தலைப்பிலும் அப்பழமே இடம்பெற்றது.

அவர் கூறிய கருத்தை ஓர் எளிய கணக்கால் விளக்குவோம். ஒரு சந்தையில் 100 கார்கள் உள்ளன. அவற்றுள் 50 நல்லவை; ஒவ்வொன்றின் மதிப்பு 4 இலட்சம். ஏனைய 50 குறையுள்ளவை. மதிப்பு 2 இலட்சம். எது எதுவென்று விற்பவருக்குத் தெரியும்; வாங்குபவருக்குத் தெரியாது. எனவே வாங்குபவர் சராசரி பார்த்து 3 இலட்சம் தரவே முன்வருவார். நல்ல வண்டி வைத்திருப்பவர் என்ன செய்வார்? "4 இலட்சம் பெறுமான வண்டியை 3 இலட்சத்துக்கா?" என்று வீட்டுக்கு ஓட்டிச் சென்றுவிடுவார். சந்தையில் எஞ்சி நிற்பவை குறையுள்ள வண்டிகளே. இதை உணர்ந்ததும் வாங்குபவர் 2 இலட்சத்துக்கு மேல் தரமாட்டார். நல்ல வண்டியை விற்க வந்தவரும் ஏமாந்தார். நல்ல வண்டி தேடி வந்தவரும் ஏமாந்தார். ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாமையே இதற்குக் காரணம்.

ஆகவே பழைய கார் வாங்குபவரின் வேலை வாய்ச்சாமர்த்தியத்தால் பேரம் பேசுவதன்று. விற்பவருக்கு மட்டும் தெரிந்தவற்றைத் தாமும் தெரிந்துகொள்வதே அவர் வேலை. எவ்வளவு தெரிந்துகொள்கிறாரோ அவ்வளவுக்கு விலை நியாயத்தை நெருங்கும். நேர்மையான விற்பனையாளருக்கும் இது நன்மையே; தம் வண்டியின் உண்மையான தரத்துக்குரிய விலை அவருக்குக் கிடைக்கும்.

வண்டி சொல்லும் சாட்சி

"தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா?" என்பது பழமொழி. தானமாக வந்ததைப் பார்க்கக் கூடாது. பணம் கொடுத்து வாங்குவதைப் பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். மாட்டுச் சந்தையில் பல்லைப் பார்த்து வயதறிவது போலக் காருக்கும் சில பற்கள் உண்டு.

பகல் வெளிச்சத்தில், காலை நேரத்தில் சென்று பாருங்கள். என்ஜினை இயக்குமுன் பானட்டின் மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால், நாம் வருமுன்பே வண்டி ஓட்டிச் சூடேற்றப்பட்டிருக்கிறது என்று பொருள். குளிர்ந்த நிலையில் கிளம்ப மறுக்கும் குறையை மறைக்க இவ்வாறு செய்வதுண்டு. இயக்கியபின் சைலன்சரிலிருந்து வரும் புகையின் நிறத்தை நோக்குங்கள். நீலப் புகை, என்ஜின் ஆயில் எரிவதன் அடையாளம். பெட்ரோல் காரில் கரும்புகை, எரிபொருள் அளவுக்கு மிஞ்சிச் செல்வதைக் காட்டும். குளிர்காலையில் சிறிது வெண்மை தோன்றி மறைதல் இயல்பு. அது வெறும் நீராவி. சூடேறிய பின்னும் வெண்புகை அடர்ந்து வந்தால் ரேடியேட்டர் நீர் என்ஜினுக்குள் கசிகிறது என ஐயுறலாம். ஆயில் மூடியைத் திறந்து பார்க்கையில் உட்புறம் மோர் போன்ற வெண்படலம் இருந்தால் அந்த ஐயம் வலுக்கும்.

அடுத்து, ஓடிய தூரம். சொந்தக் காருக்கு ஆண்டுக்குச் சுமார் 10,000 கிலோமீட்டர் எனக் கொள்வது வழக்கம். இக்காலத்து மீட்டர்களில் எண்ணைக் குறைத்துக் காட்டும் மோசடி நடைபெறுகிறது. ஆனால் மீட்டரை மாற்றுபவர் எல்லாவற்றையும் மாற்ற முடியாது. 30,000 கிலோமீட்டரே ஓடியது என்னும் வண்டியில் கிளட்ச், பிரேக் பெடல்களின் ரப்பர் வழுவழுப்பாகத் தேய்ந்திருப்பதேன்? ஓட்டுநர் இருக்கை குழிந்திருப்பதேன்? சர்வீஸ் செய்த பில்களில் ஒவ்வொரு முறையும் கிலோமீட்டர் குறிக்கப்பட்டிருக்கும். அந்த எண்கள் படிப்படியாக ஏறி வருகின்றனவா என்று வரிசைப்படுத்திப் பாருங்கள்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் தனியே பொறிக்கப்பட்டிருக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்ட டயர் என்று பொருள். ஐந்து டயர்களையும், அதாவது ஸ்டெப்னி உட்பட, ஒப்பிட்டுப் பாருங்கள். நல்ல டயர்கள் பொதுவாக 40,000 கிலோமீட்டருக்கு மேலும் உழைக்கும். மீட்டரோ 25,000 காட்ட, நான்கு டயர்களும் புத்தம் புதியனவாக இருந்தால், "ஏன்?" என்னும் கேள்வி எழவேண்டும். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்த டயர், சக்கரங்கள் நேராக இல்லை என்பதைச் சொல்லும்.

மோதிச் சீர்செய்த வண்டியைக் கண்டறியச் சற்றுத் தள்ளி நின்று, சாய்வான பார்வையில் நோக்கவேண்டும். டிங்கரிங் வேலை செய்த கதவின் நிறம் மற்றவற்றினின்று ஒரு சாயல் வேறுபடும். கதவுகளின் இடைவெளி ஒரே அளவாக இராது. பானட்டைத் தாங்கும் போல்ட்டுகளில் பெயின்ட் உரிந்து ஸ்பேனர் பட்ட தழும்பு இருந்தால், அது கழற்றி மாட்டப்பட்டது என்பது திண்ணம். கண்ணாடிகள் ஒவ்வொன்றிலும் தயாரிப்பாளரின் குறி உண்டு. ஒன்று மட்டும் வேறாக இருந்தால் அது இடையில் மாற்றப்பட்டதாகும்.

நம் மாநிலத்தில் இன்னொன்றையும் மறவாது பார்க்கவேண்டும். 2015 டிசம்பர்ப் பெருவெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் எண்ணற்ற கார்கள் நீரில் மூழ்கின. வெள்ளம் புகுந்த வண்டியைக் கழுவி உலர்த்தி, மணப்பொருள் தெளித்து விற்பதுண்டு. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். சுருளின் அடியில் சேற்றுக்கறை இருக்கும். தரைவிரிப்பைத் தூக்கிப் பாருங்கள். இருக்கையின் அடியிலுள்ள போல்ட்டுகளிலும், ஸ்டெப்னி வைக்கும் குழியிலும் துரு பிடித்திருக்கும். இரும்பும் நீரும் காற்றும் சேர்ந்தால் என்னாகும் என்பதை வேதியியல் வகுப்பில் படித்திருக்கிறோமே! இருக்கையடித் துருவைவிடப் பெரிய கேடு, கண்ணுக்குத் தெரியாத மின்கம்பி இணைப்புகளில் பிடிக்கும் துரு.

இவ்வளவும் பார்த்து மனம் ஒப்பினால், நமக்கு நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரை அழைத்துச் சென்று வண்டியை ஓட்டிப் பார்க்கச் சொல்ல வேண்டும். விற்பவர் பரிந்துரைக்கும் மெக்கானிக் வேண்டாம். நம் மெக்கானிக்குக்குத் தரும் கூலி வீண்செலவன்று; பெருஞ்செலவைத் தடுக்கும் அணை அது.

காகிதங்கள் சொல்லும் சாட்சி

பதிவுச் சான்றிதழ், அதாவது ஆர்.சி., முதன்மையானது. அதிலுள்ள சேஸிஸ் எண்ணும் என்ஜின் எண்ணும் வண்டியில் பொறித்தவற்றோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். விற்பவர் எத்தனையாவது உரிமையாளர் என்பதைக் காண்க. வங்கிக் கடன் குறிப்பு இருந்தால், கடன் தீர்ந்த சான்றும் படிவம் 35உம் கேட்டு வாங்குக. பிற மாநில வண்டியானால் அம்மாநில அலுவலகத்தின் தடையின்மைச் சான்று வேண்டும். தமிழ்நாட்டில் வரியும் கட்ட நேரிடும். அந்தத் தொகையையும் விலையோடு சேர்த்தே எண்ணவேண்டும்.

சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பின்னர்த் தகுதிச் சோதனை செய்து ஐந்தைந்து ஆண்டுகளுக்குப் புதுப்பிக்க வேண்டும். அக்கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஆகவே 14 வயதுக் கார் மலிவாகத் தோன்றினும் அடுத்த ஆண்டுச் செலவு அதன் பின்னே நிற்கிறது.

இன்ஷூரன்ஸ் பத்திரம் ஓர் இரகசியத்தைச் சொல்லும். இழப்பீடு கேட்காத உரிமையாளருக்கு ஆண்டுதோறும் 20, 25, 35, 45, 50 விழுக்காடு எனச் சலுகை ஏறிக்கொண்டே போகும். ஒருமுறை இழப்பீடு பெற்றால் அடுத்த ஆண்டு அது பூச்சியமாகும். "சிறு கீறல்கூட இல்லை" என்று கூறப்படும் ஐந்தாண்டு வண்டியின் பத்திரத்தில் சலுகை பூச்சியம் என்றிருந்தால், காரணம் கேட்க நமக்கு உரிமை உண்டு. ஆனால் இச்சலுகை ஆளைச் சார்ந்தது. முந்திய காரிலிருந்து கொண்டுவந்ததாகவும் இருக்கலாம். எனவே 50 விழுக்காடு இருப்பதால் மட்டும் வண்டி விபத்தே காணாதது என முடிவு செய்யலாகாது. வண்டியோடு அது நமக்கு வந்து சேரவும் செய்யாது.

பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30 ஆகியவை தேவை. மோட்டார் வாகனச் சட்டப்படி, ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாட்களுக்குள்ளும், வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பதிவேட்டில் யார் பெயர் உள்ளதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பாவார் என 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பழைய கார் விற்கும் பெற்றோரே, இதனை நினைவிற் கொள்க.

ஒரு கணக்கு

கற்றவற்றைக் கணக்கிட்டுப் பார்ப்போம். நாலரை வயதுள்ள சிறிய பெட்ரோல் கார். கேட்கும் விலை 3,60,000 ரூபாய். இவ்வெண்கள் பயிற்சிக்காகக் கொள்ளப்பட்டவை.

முதற்படி: அதே வகைப் புதிய கார் 6,20,000 ரூபாய் என்க. 50 விழுக்காடு தேய்மானம் போக 3,10,000.

இரண்டாம் படி: அதே ஆண்டைச் சேர்ந்த, ஏறக்குறைய அதே தூரம் ஓடிய ஐந்து வண்டிகளின் விளம்பர விலையைத் திரட்டுக. 3,20,000, 3,30,000, 3,35,000, 3,45,000, 4,10,000 எனக் கிடைத்தன. சராசரி 3,48,000, இடைநிலை 3,35,000. எதைக் கொள்வது? ஒருவர் மட்டும் 4,10,000 என்று பேராசையாகக் கேட்டது சராசரியை மேலே இழுத்துவிட்டது. இடைநிலை அவ்வாறு அசைவதில்லை. எனவே 3,35,000 என்பதைக் கொள்வோம்.

மூன்றாம் படி: குறைகளைக் கழித்தல். நான்கு டயர்களும் மாற்றவேண்டும், செலவு 16,000. ஆனால் இந்த வயதுள்ள எந்த வண்டியிலும் டயர் பாதியேனும் தேய்ந்திருக்கும். முழுத்தொகையையும் கழிப்பது விற்பவருக்கு அநீதி. எனவே 8,000. கிளட்ச் 12,000. பேட்டரி 5,000. கதவு பெயின்ட் 5,000. இன்ஷூரன்ஸ் அடுத்த மாதமே முடிகிறது; ஒப்பிட்ட வண்டிகளுக்குச் சராசரியாக அரையாண்டு மீதமிருக்கும் எனக் கொண்டு 5,000. ஆகக் கழிவு 35,000, எஞ்சுவது 3,00,000.

நான்காம் படி: நிறைகளைக் கூட்டல். ஒரே உரிமையாளர், எல்லா சர்வீஸ் பில்களும் ஒழுங்காக உள்ளன. அதற்கு 10,000 கூட்டுவோம். ஆக, 3,10,000க்கு மேல் இவ்வண்டி பெறாது. கேட்கும் விலை 50,000 ரூபாய் கூடுதல். இக்கணக்கைத் தாளில் எழுதி, ஒவ்வொரு வரியாக விற்பவரிடம் காட்டினால், "கொஞ்சம் குறையுங்கள்" என்று பத்து முறை கெஞ்சுவதைவிட அது வலிமையாகப் பேசும்.

கழிக்க முடியாத குறைகள்

சில குறைகளை ரூபாயால் கழிக்க இயலாது. சேஸிஸ் எண் பொருந்தாமை, அடிச்சட்டம் வளைந்து ஒட்டவைக்கப்பட்டிருத்தல், வெள்ளத்தில் மூழ்கியமை, தீராத கடன், உரிமையாளர் முகம் காட்டாமல் வேறொருவர் விற்றல் ஆகியவை அத்தகையன. இவற்றுள் ஒன்று இருப்பினும், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் திரும்பி வந்துவிடுவதே அறிவு. "மாலை வேறொருவர் வருகிறார், இப்போதே அட்வான்ஸ் கொடுங்கள்" என்னும் அவசரமும் இவற்றோடு சேர்க்கத் தக்கதே. ஆழம் தெரியாமல் காலை விடலாகாது; ஆழம் பார்க்க நேரம் தராதவரிடம் காலை விடவே கூடாது.

ஒருநாள் நீங்களும் விற்பவர் இடத்தில் நிற்பீர்கள். அன்று உங்களுக்குத் தெரிந்த குறையை வாங்குபவருக்கும் சொல்லிவிடுங்கள். சில ஆயிரம் குறையலாம். ஆனால் அந்த வண்டியில் ஏறிச் செல்வது இன்னொரு குடும்பம். பிரேக்கின் குறையை மறைத்துப் பெற்ற பணத்துக்கு அவர்கள் வேறு வகையில் விலை கொடுக்க நேரிடலாம்.

மாணவியர் செய்து பார்க்க

1. உங்கள் வீட்டு ஸ்கூட்டர் அல்லது காரின் டயர்களில் உள்ள நான்கு இலக்கங்களைக் கண்டுபிடித்து, ஒவ்வொன்றின் வயதையும் எழுதுக.

2. ஒரே வகையான ஏழு பழைய கார்களின் விளம்பர விலைகளைத் திரட்டி, சராசரியும் இடைநிலையும் காண்க. இரண்டும் வேறுபடின் காரணம் கூறுக.

3. மேற்கண்ட 100 கார்ச் சந்தையில், விற்பவர் ஒவ்வொருவரும் ஓராண்டு உத்தரவாதம் எழுதித்தர வேண்டும் என்று விதி வந்தால் என்ன நிகழும்? யார் மகிழ்வர், யார் சந்தையை விட்டுப் போவர்? பெற்றோருடன் கலந்து பேசி விடை எழுதுக.